மழை நாட்டுக்கு ஒரு சீட்டுக்கட்டு

கேரளத்துப் போனக்காட்டில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் காகிதத்தின் குணமே மாறிவிடும். நோட்டுப் புத்தகத்தின் ஓரம் நெளியும், தீக்குச்சி உரசினால் பற்றாது, அப்பளம் டப்பாவுக்குள்ளேயே பதத்துப்போகும். அகத்தியமலையின் அடிவாரம் அது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து வருடங்கள் ஆகின்றன; லயங்களில் இன்னும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. மேகம் வாசல்வரை இறங்கி வந்து நிற்கும் மாலைகளுக்குச் சீட்டைவிட நல்ல துணை கிடையாது. போக்கிமான், மேஜிக் போன்ற சேகரிப்புச் சீட்டாட்டங்களுக்கு முதல் கட்டும் அதற்கான சாமான்களும் வாங்க நினைப்பவர்கள் இந்த ஊரை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். இங்கே ஒரு மழைக்காலம் தாங்குகிற கட்டு வேறு எங்கேயும் தாங்கும்.

சீட்டின் ருசி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கேரளம் முழுக்க ஆடப்படும் இருபத்தெட்டில் 32 சீட்டுகள். குலான் எனப்படும் ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு இனத்துக்கும் கூட்டினால் 28. யாழ்ப்பாணத்தார் உயிராய் ஆடும் முந்நூற்று நான்கிலும் இதே வரிசைதான்: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவும் ராணியும் அதற்குக் கீழே. இந்த ஆட்டங்களில் கட்டு எல்லாருக்கும் பொது. கைக்கு வந்ததை வைத்து எவ்வளவு கேட்கலாம் என்று துணிவதில்தான் திறமை.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் ‘மேஜிக்: த கேதரிங்’ கொண்டுவந்தபோது மாறியது, கட்டு எல்லாருக்கும் பொது என்ற இந்த இடம்தான். ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே கோத்து எடுத்து வரலாம் என்றார். 1996-இல் ஜப்பானில் போக்கிமான் சீட்டு வந்தது. அன்றுமுதல் கட்டைத் தேர்ந்தெடுப்பதே ஆட்டத்தின் முதல் நகர்வாகிவிட்டது. ஆட உட்காருவதற்கு முன்பே பாதி ஆட்டத்தை ஆடிவிடுகிறோம். அந்தப் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

புதிதாக வருபவருக்கு என் தீர்ப்பு ஒன்றே: ஆயத்தக் கட்டு வாங்குங்கள், பூஸ்டர் பாக்கெட் வாங்காதீர்கள். பாக்கெட்டில் என்ன இருக்கும் என்று தெரியாது. பத்து பாக்கெட் பிரித்தாலும் ஒன்றோடொன்று சேராத பத்து கூட்டம்தான் மேசையில் கிடக்கும். ஆயத்தக் கட்டு ஒரு கைதேர்ந்த ஆள் உட்கார்ந்து கோத்தது. அதை வாங்கியதும் ஆடத் தொடங்கிவிடாமல், வகைவகையாகப் பிரித்துப் பாயில் பரப்பிப் பாருங்கள். போக்கிமானில் சரியாக 60 சீட்டு. எனர்ஜி எத்தனை, டிரெய்னர் எத்தனை, நேரடியாகக் களத்தில் இறக்கக்கூடிய பேசிக் போக்கிமான் எத்தனை, அதன்மேல் வளர்ந்து ஏறுகிறவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கோத்தவருடைய மனம் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

ஓர் உதாரணம். தொடக்கத்தில் எடுக்கும் 7 சீட்டில் ஒரு பேசிக்காவது இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் கையை எதிராளிக்குக் காட்டி, மறுபடி கலைத்து எடுக்க வேண்டும். எதிராளிக்கு ஒரு சீட்டு அதிகம் எடுக்கும் உரிமை கிடைக்கும். கட்டில் 8 பேசிக் மட்டும் இருந்தால், மூன்று ஆட்டத்துக்கு ஒன்றில் இப்படி வெறுங்கையாய் நிற்க நேரும். 12 இருந்தால் ஐந்துக்கு ஒன்று. நான்கு சீட்டில் இவ்வளவு வித்தியாசம்! எண்களைத் தெரிந்துகொண்டு கட்டைப் பார்த்தால், படங்களின் அழகுக்கு அடியில் இன்னோர் அழகு தெரியவரும்.

அதனால்தான் தனி ஆயத்தக் கட்டைவிட, ஒன்றுக்கொன்று ஈடாகக் கோத்த கட்டுகள் சேர்ந்து வரும் பெட்டியை நான் பெரிதாக மதிக்கிறேன். போக்கிமானின் ‘பேட்டில் அகாடமி’ பெட்டியில் 60 சீட்டுக் கட்டுகள் மூன்று, கூடவே ஆட்டப் பலகை, முதல் ஆட்டத்தை ஒவ்வோர் அடியாக நடத்திச் செல்லும் கையேடுகள். மேஜிக்கின் ஸ்டார்டர் கிட்டில் 60 சீட்டுக் கட்டுகள் இரண்டு. மேஜிக்கிலேயே ‘கமாண்டர்’ என்று 100 சீட்டு ஆட்டம் ஒன்று உண்டு. அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி. அருமையான ஆட்டம்தான். ஆனால் அத்தனை சீட்டையும் வாசித்து நினைவில் வைப்பது முதல் மாதத்தில் ஆகாத காரியம்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேருந்து நிலையக் கடைகளில் தங்கநிறத்தில் மின்னும் பிளாஸ்டிக் போக்கிமான் சீட்டுகள் தொங்குகின்றனவே, அவை குழந்தைகள் வைத்து விளையாடத்தான் உதவும். உண்மையான சீட்டு அட்டையால் ஆனது. விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் இரு வெள்ளை அடுக்குகளின் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடும். மேஜிக் சீட்டில் அந்த நடு அடுக்கு நீலம். மேஜிக் சீட்டின் பின்புறத்துப் பச்சை வட்டத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நான்கு சிவப்புப் புள்ளிகள் ‘ட’ எழுத்தின் வடிவில் நிற்கும். போலி அடிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடங்களில் இதுவும் ஒன்று.

இனி ஸ்லீவ் என்னும் உறை. கட்டைவிட இதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை.

சீட்டின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். அதற்கான உறை 66 × 91. யூகியோ என்ற இன்னொரு சேகரிப்பு ஆட்டத்தின் சீட்டு சற்றுச் சிறியது, 59 × 86. அதற்கு வேறு அளவு உறை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும். பளபளப்பான உறை கடையில் கண்ணைப் பறிக்கும். மழை நாட்டில் அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கலைக்கும்போது நாலைந்தாகச் சேர்ந்து வரும். பின்புறம் சொரசொரப்பான மேட் உறை வாங்குங்கள். ஈரக்காற்றிலும் சீட்டு தனித்தனியாய் நழுவும். 60 சீட்டையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மறுபாதிக்குள் மெல்லச் செலுத்தும்போது வரும் அந்த ‘சரக்’ ஒலியையும் விரல்நுனியில் தெரியும் இழுவையையும் அனுபவித்தவர்கள் உறையில்லாத கட்டைத் தொட மாட்டார்கள். பி.வி.சி. என்று போட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அதை வளையச் செய்யச் சேர்க்கும் ரசாயனம் காலப்போக்கில் கசிந்து சீட்டின் முகத்தைக் கெடுக்கும். பாலிபுரொப்பிலீன் உறையே நல்லது.

மினுங்கும் ஃபாயில் சீட்டு ஏன் வளைகிறது என்று பலர் கேட்பதுண்டு. அதன் ஒருபக்கம் உலோகப் படலம், மறுபக்கம் காகிதம். ஈரம் குடித்துக் காகிதம் விரிகிறது, படலம் விரிவதில்லை. ஆகவே சீட்டு படலத்தின் பக்கமாகக் குழிந்துவிடும். வறண்ட ஊரில் இதுவே எதிர்ப்பக்கம் வளையும். இதற்கு இரட்டை உறை: முதலில் 64 × 89 அளவில் இறுக்கமான உள்ளுறையைச் சீட்டின் தலைவழியே மாட்ட வேண்டும், பிறகு கால்வழியே வெளியுறைக்குள் இறக்க வேண்டும். இரண்டு வாயும் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால் ஈரக்காற்று நேராக உள்ளே போகாது. உறை போடும் நாளில் வெயில் அடித்திருப்பது முக்கியம். ஈரம் குடித்த சீட்டை உறையிட்டால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும்.

இதையெல்லாம் நம் நாட்டில் முன்பே யோசித்திருக்கிறார்கள். பாபர் 1527-இல் சிந்து தேசத்து ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா சீட்டு அனுப்பியதைப் பாபர்நாமா குறிக்கிறது. தசாவதாரக் கஞ்சிஃபா பத்து அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 வட்டச் சீட்டுகள் கொண்டது. மைசூரின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் வகுத்த ஆட்டங்களில் ஒன்றுக்கு 360 சீட்டு. ஒடிசாவில் பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணம் பூசி, வண்ணம் தீட்டி, அரக்கிட்டு முடிப்பார்கள். கொங்கணக் கரையின் சாவந்த்வாடியும் அடைமழை ஊர்தான். அங்கேயும் சீட்டின் மேல் அரக்குப் பூச்சு, கட்டை வைக்க ஓவியம் தீட்டிய மரப்பெட்டி. உறையும் பெட்டியும் அன்றைக்கே ஆட்டத்தின் அங்கம். அரண்மனைக்குச் செய்தது தர்பார் கலம், சந்தைக்குச் செய்தது பஜார் கலம். எனக்குப் பிரியமானது இரண்டாவது. விரல்பட்டு அரக்கு தேய்ந்த சீட்டில் ஆடியவர்களின் சுவடு இருக்கிறது.

பெட்டி வாங்கும்போது, உறையிட்ட சீட்டு தடித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இரட்டை உறை போட்ட 60 சீட்டுக்கு, நூறு சீட்டு கொள்ளும் என்று எழுதிய பெட்டியே வசதி. காந்தத்தால் மூடுகிறதாக இருக்கட்டும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். நீலமணி இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். சூடுகாட்டி உலர்த்தினால் நீலம் திரும்பும். கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடவே கூடாது. சிமென்டுத் தரையில் ஆடுபவர்களுக்கு அடியில் ரப்பரும் மேலே துணியுமான பிளேமேட் நல்லது. 24 அங்குலத்துக்கு 14 அங்குலம் போதும், இல்லாவிட்டால் தடித்த ஜமக்காளம். பகடை, பைண்டர் எல்லாம் பிறகு.

கையிருப்பு குறைவென்றால் அரிய சீட்டு ஒன்றைத் துரத்தாதீர்கள். அந்தக் காசில் ஈடான இரண்டு கட்டு, இரண்டுக்கும் மேட் உறை, ஒரு நல்ல பெட்டி வாங்குங்கள். ஒரு மாதம் ஒரு சீட்டையும் மாற்றாமல் ஆடுங்கள். எதிரே உட்காரப்போகும் பிள்ளையிடமோ சிநேகிதரிடமோ இரண்டு கட்டையும் நீட்டி, வேண்டியதை முதலில் அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.