மோட்டார் தகட்டுப் பூச்சு: சோதனை எங்கே நின்றுவிடுகிறது?

அரும்பாவூர்ப் பக்கம் கிணற்று மோனோபிளாக் மோட்டாரில் காயில் புகைஞ்சா, ரீவைண்டிங் கடைக்குத்தான் போகும். பழைய வார்னிஷ் இளகணும்னு சில இடத்துல ஸ்டேட்டரையே தீயில் வாட்டுவாங்க. செம்பைப் புதுசா போட்டுடலாம். தகடுகளுக்கு நடுவே இருக்கும் சில மைக்ரான் பாலிமர் பூச்சு?

அந்தப் பூச்சை அளப்பது ஃபிராங்க்ளின் சோதனை. 10 தொடுமுனைகளைத் தகட்டில் அழுத்தி, அரை வோல்ட் கொடுப்பார்கள். 0 ஆம்பியர் என்றால் முழுக் காப்பு. 1 ஆம்பியர் என்றால் காப்பே இல்லை. நல்ல சோதனைதான். ஆனால் அது பார்ப்பது புதுத் தகட்டின் முகத்தை மட்டும். வெட்டு விளிம்பின் பிசிறையும் தீயில் கருகிய பூச்சையும் அது பார்ப்பதில்லை.

மாதிரிக் கணக்கும் அப்படியே. ஒவ்வொரு தகடும் தனித்தனி என்று வைத்துக்கொள்கிறோம். சுழல் மின்னோட்ட இழப்போ தடிமனின் வர்க்கத்தில் ஏறும். 0.5 மி.மீ. தகடுகள் இரண்டு இருபுற விளிம்பிலும் ஒட்டிக்கொண்டால், அங்கே இழப்பு ஏறக்குறைய 4 மடங்கு.

பாலிமர் பூச்சு என்றால் 370 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கிறது ஈஸா அமைப்பின் ஏ.ஆர்.100 தரநிலை. திறந்த தீயில் அதை யார் அளப்பது? விவசாயிக்கு மின்சாரம் இலவசம். இழப்பு பில்லில் தெரியாது. மோட்டார் சூடாகி, அடுத்த காயிலும் சீக்கிரம் போகும்போதுதான் தெரியும். தீயில் வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு கோர் டெஸ்ட் செய்யுங்கள். ஆய்வுகளும் அங்கிருந்து தொடங்கட்டும்.