கழுவினால் போகாத கசிவு

பைபாஸ் சாலையோரத்து வாட்டர் சர்வீஸ் ஒன்றில், ராம்ப் மேல் நிற்கும் காருக்கு அடியில் ஓர் இளைஞர் நிற்கிறார். கையில் காற்றுக் குழாய் மாட்டிய ஸ்ப்ரே கன், காலடியில் டீசல் ஊற்றிய பழைய பெயிண்ட் டப்பா. விசையை அழுத்தியதும் டீசல் புகைபோலப் பறந்து ஆயில் சம்ப்பில் படிகிறது. ஆறேழு வருடப் பிசுக்கு முதலில் பழுப்பாக இளகி, பிறகு தார்போலச் சொட்டுகிறது. பின்னாலேயே தண்ணீரைப் பீய்ச்சினால் உள்ளேயிருந்த அலுமினியம் பளிச்சென்று தெரிகிறது. பார்ப்பதற்கு மனம் நிறைகிறது என்பது உண்மை. அந்த நிறைவுக்குக் கார் என்ன விலை கொடுக்கிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. அம்பாசடர் காலத்துக் கார்களில் முன்சக்கர இணைப்புகளிலும் ஸ்டியரிங் மூட்டுகளிலும் கிரீஸ் நிப்பிள்கள் இருந்தன. சேறு மூடிய நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் மண்ணும் சேர்ந்து மூட்டுக்குள் போய்விடும். அதனால் முதலில் அடிப்பாகத்தைக் கழுவுவார்கள். காய்ந்ததும் கிரீஸ் அடிப்பார்கள். கடைசியில் பின்பக்க ஸ்பிரிங் பிளேட்டுகளில் எண்ணெய் தெளிப்பார்கள். மூன்றும் ஒரே வேலையின் மூன்று படிகள். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. 2014இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றது. இன்றைய கார்களில் பெரும்பாலான மூட்டுகள் ஆயுளுக்கும் சேர்த்து கிரீஸ் வைத்து ரப்பர் உறை போட்டு மூடியவை. நிப்பிளும் போயிற்று, கிரீஸ் கன்னும் போயிற்று. கழுவுவது மட்டும் மிஞ்சியது, அதே டீசலோடு.

இன்ஜினின் மேல் படியும் பிசுக்கு சாலையிலிருந்து வருவதில்லை. சாலை தருவது தூசியும் சேறும்தான். அதை அப்பிப் பிடித்து வைக்கும் எண்ணெய் வண்டிக்குள்ளிருந்து கசிந்தது. டேப்பட் கவர் பேக்கிங் காய்ந்து விரிசல் விட்டிருக்கலாம். கிராங்க் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். டிரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டு முறுக்கியிருக்கலாம். சக்கரத்துக்கு உட்புறம் கறுப்பு கிரீஸ் வட்டமாகச் சிதறியிருந்தால் ஆக்சில் பூட் கிழிந்திருக்கிறது என்று பொருள். ஆக, பிசுக்கு என்பது அழுக்கு மட்டுமில்லை, ஒரு புகார் மனு.

சுத்தம் செய்வதன் நன்மைகளில் முதலாவது இங்கேதான் இருக்கிறது. எல்லா இடமும் கறுத்துக் கிடக்கும்போது கசிவு எங்கே தொடங்குகிறது என்று தேர்ந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. மேலே கசியும் எண்ணெய் வழிந்து கீழே வரும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் சம்ப்பில் சொட்டுவதைப் பார்த்து சம்ப் பேக்கிங்கை மாற்றிவிட்டு, உண்மையான கசிவை மேலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். இரண்டாவது, தீ. ஓடும் வண்டியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதன்மேல் எண்ணெய் சொட்டினால் புகை வரும், சில வேளை பற்றிக்கொள்ளும். மூன்றாவது, எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் ஊறி உப்பும். ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே எண்ணெயும் தூசியும் அப்பினால் இன்ஜின் சூடேறும். நான்காவது, இன்ஜினைத் திறந்து வேலை பார்க்கையில் மேலே இருக்கும் மண் உள்ளே விழாது.

இத்தனை நன்மைகளையும் நாம் கழுவும் முறை பாதியாகக் குறைத்துவிடுகிறது. டீசல் பிசுக்கைக் கரைக்கும் என்பதில் சந்தேகமில்லை. எண்ணெயை எண்ணெய் கரைக்கும். ஆனால் கூலன்ட் ஹோஸ்களும் சஸ்பென்ஷன் புஷ்களும் எந்த வகை ரப்பரில் செய்யப்படுகின்றனவோ, அவை பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பி மென்மையாகும் வகை. ஒருமுறை அடித்ததும் அறுந்துவிடாது; ஒவ்வொரு சர்வீஸிலும் அடித்தால் புஷ் சீக்கிரம் தளரும். அதைவிட அவசரமான ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. அடியிலிருந்து பறக்கும் டீசல் டிஸ்க்கிலும் பேடிலும் படிந்தால், வாட்டர் சர்வீஸை விட்டு வெளியே வந்து முதல் சிக்னலில் மிதிக்கும்போது வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. எண்ணெய் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டும்.

டீசலுக்குப் பதிலாகச் சிலர் காஸ்டிக் சோடா கலந்த கரைசலை ஊற்றுகிறார்கள். அது இரும்பில் பெரிய கேடு செய்யாது. அலுமினியத்தை அரித்து மங்கலாக்கிவிடும். இன்றைய இன்ஜின் ஹெட்டும் கியர்பாக்ஸ் கூடும் பெரும்பாலும் அலுமினியம்தான். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். அதன் ஆவி உறைகுளிரிலும் பற்றிக்கொள்ளக்கூடியது.

தண்ணீரும் குற்றமற்றதில்லை. பழைய காரில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் வண்டி கிளம்பாது. மூடியைக் கழற்றித் துடைத்தால் தீர்ந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு இன்ஜினைச் சுற்றி சென்சார்களும் கனெக்டர்களும் பெருகிவிட்டன. அவை மழைச்சாரலைத் தாங்கும். ஒரு சாண் தூரத்திலிருந்து நேராகப் பீய்ச்சும் அழுத்தத் தண்ணீரைத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. என் பழைய காரை ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டு எடுத்தேன். பானெட்டைத் திறந்தால் முகம் பார்க்கலாம். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது, இன்ஜின் செக் விளக்கும் எரிந்தது. காயிலைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் சிரித்தார். பிளக் குழிக்குள் தண்ணீர் கிணறுபோல் நின்றது.

அவர் அதோடு விடவில்லை. "ஆயில் லீக்னு சொன்னீங்களே, இப்ப எங்கன்னு பார்க்கிறது? எல்லாத்தையும் கழுவிட்டீங்களே. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க சார், அப்புறம் பார்ப்போம்" என்றார். நான்கு நாள் கழித்துப் போனபோது டார்ச் அடித்துக் காட்டினார். சுத்தமான அலுமினியத்தின் மேல், டேப்பட் கவர் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஈரக் கோடு. பேக்கிங்கை மாற்றினார், கதை முடிந்தது. நான் இரண்டு வருடமாகக் கழுவிக்கொண்டிருந்த பிசுக்கு ஒரு ரப்பர் வளையத்தில் நின்றுவிட்டது.

பழக்கத்தின் பெரிய குறை எனக்கு இங்கேதான் தெரிகிறது. பார்ப்பதற்காகக் கழுவ வேண்டியதை, பார்க்காமலிருப்பதற்காகக் கழுவுகிறோம். பழைய கார் சந்தை இதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டது. விற்பனைக்கு வரும் வண்டியின் இன்ஜினைக் கழுவி மேலே பாலிஷ் தெளித்து நிறுத்தியிருப்பார்கள். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் புதுப் பாத்திரம்போல் மின்னினால் வாங்குபவர் மகிழக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும் காரின் அடிப்பாகத்துக்கு முதல் நாள் கறுப்பு பெயிண்ட் பூசுவதும் இதே வகை. துருவின் மேல் பூசிய பெயிண்ட் துருவை நிறுத்தாது, மறைக்கும்.

துருவைப் பற்றிப் பேசினால் பிசுக்கின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பது தெரியும். கசிந்த எண்ணெய் பட்ட இரும்பு எளிதில் துருப்பிடிப்பதில்லை. எல்லாவற்றையும் துடைத்தெடுத்தால், உப்புக் காற்றடிக்கும் கடலோர ஊரில் வெறும் இரும்பு அம்பலமாக நிற்கும். அதற்காகப் பிசுக்கை அப்படியே விடலாம் என்று வாதிட முடியாது. அது மண்ணைப் பிடித்து வைக்கும், ரப்பரைத் தின்னும். ஆனால் அடிப்பாகத்தைக் கழுவினால் காயவைத்து, பெயிண்ட் உரிந்த இடத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு கொடுப்பதோடுதான் வேலை முடிகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் கடற்கரை மணலில் ஓடிய வண்டிக்கும் அடிப்பாகத்தைக் கழுவியே ஆக வேண்டும். அங்கே எதிரி எண்ணெய் இல்லை, உப்பும் ஈரச் சேறும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது கார்க்காரரின் பில்லில் வராது. அந்த இளைஞர் முகமூடியும் கையுறையும் இல்லாமல் நாள் முழுக்க டீசல் மூட்டத்தைச் சுவாசிக்கிறார்; அவர் கைத் தோல் வெடித்திருக்கிறது. ராம்ப்பிலிருந்து வழிவது பல இடங்களில் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி எதுவுமின்றி நேரே சாக்கடைக்குப் போகிறது. பயன்படுத்திய எண்ணெயை 2016ஆம் ஆண்டின் விதிகள் அபாயகரக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. சாக்கடைக்கு அது தெரியாது.

என்றாலும் இந்தப் பழக்கத்தை ஒழிக்கச் சொல்ல மாட்டேன், அதன் வரிசையை மாற்றச் சொல்வேன். கட்டியாக அப்பியதை முதலில் மரத் துண்டால் சுரண்டி எடுத்தால் பாதி வேலை முடியும், சாக்கடைக்கும் குறைவாகப் போகும். இன்ஜின் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், காயில், காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றை பாலிதீனால் கட்டட்டும். தண்ணீரில் கலக்கும் டிகிரீசரைத் தடவி, காய விடாமல் ஐந்து நிமிடம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, அழுத்தம் குறைந்த தண்ணீரில் அலசட்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் தெரியும் ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடட்டும். பிறகு நான்கு நாள் ஓட்டி, இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்கட்டும்.

காலையில் அட்டையில் ஒரு பொட்டு இருந்தால், நேரே மேலே பார்த்தால் போதும். அந்த அட்டையை விரிக்காதவர், கழுவக் கொடுத்த காசில் பாதியைத் தண்ணீரோடு விட்டவர்.