தொலைந்த தாளும் தொலையாத மனிதனும்: ‘த டெர்மினல்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

உண்மை நிகழ்ச்சியொன்றைக் கருவாகக் கொள்ளும் கலைப்படைப்பு, அந்நிகழ்ச்சியில் எதை எடுத்துக்கொள்கிறது என்பதைப் போலவே எதை விட்டுவிடுகிறது என்பதும் திறனாய்வுக்கு உரியதாகும். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் நெறியாள்கை செய்த ‘த டெர்மினல்’ (2004) என்ற திரைப்படத்தை அவ்வகையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் நாயகன் விக்டர் நவோர்ஸ்கி. கற்பனை நாடொன்றிலிருந்து நியூயோர்க் வந்து இறங்கும் அவன், தான் வானில் இருந்த வேளையிலேயே தாய்நாட்டில் ஆட்சி கவிழ்க்கப்பட்டமையை அறிகிறான். அவனது கடவுச்சீட்டு செல்லாததாகிறது. உள்ளே செல்லவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஒன்பது மாதங்கள் விமான நிலையமே அவனுக்கு உலகமாகிறது. டொம் ஹாங்ஸின் நடிப்பு இப்பாத்திரத்துக்கு உயிரூட்டுகிறது என்பதில் ஐயமில்லை.

இக்கதைக்குத் தூண்டுதலாக அமைந்தவர் மெஹ்ரான் கரிமி நாசெரி. ஈரானியரான அவருக்குப் பெல்ஜியம் அகதி நிலை வழங்கியிருந்தது. 1988இல் இங்கிலாந்து செல்ல முற்பட்டபோது, தம் ஆவணங்கள் பரிசில் களவுபோயின என்று அவர் கூறினார். இங்கிலாந்து அவரை ஏற்க மறுத்துப் பிரான்சுக்கே திருப்பி அனுப்பியது. பரிஸ் ஷார்ள் து கோல் விமான நிலையமே 2006 வரை, ஏறத்தாழ 18 ஆண்டுகள், அவரது வதிவிடமாயிற்று. 1992இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவரை அங்கிருந்து வெளியேற்றலாகாது எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் நாட்டினுள் அனுமதிக்குமாறு பணிக்க அதனால் இயலவில்லை. புதிய ஆவணம் பெற நேரில் வருமாறு பெல்ஜியம் கோரியது. நேரில் செல்வதற்கோ ஆவணம் வேண்டும்!

இவ்விரு கதைகளையும் ஒப்பிடுங்கால் படத்தின் முதற் குறைபாடு புலனாகும். விக்டரின் இடர் போரினால் வந்தது. போர் ஓய அதுவும் ஓய்ந்துவிடுகிறது. நாசெரியின் இடர் எந்தப் போரின் முடிவோடும் தீரக்கூடியதன்று. அவருடைய உரிமைக்குச் சான்றாக இருந்த தாள் தொலைந்தது. தாளோடு உரிமையும் தொலைந்ததாகவே அலுவலகங்கள் கொண்டன. சான்று வேறு, சான்று கூறும் பொருள் வேறு என்ற எளிய உண்மையை அவ்வலுவலகங்கள் மறந்தமையே இங்குள்ள அவலம். அந்த அவலத்தைப் படம் தொடவேயில்லை.

இரண்டாவது குறைபாடு இதனினும் பெரிது. படத்தில் டிக்சன் என்ற அதிகாரி வில்லனாக நிறுத்தப்படுகிறார். இறுதியில் காவலர் சிலரின் இரக்கத்தால் விக்டர் வெளியேறுகிறான். தீமை ஒருவரின் குணத்தில் இருப்பதாகவும், பிறரின் நற்குணம் அதற்கு மருந்தாவதாகவும் நாம் நம்பவைக்கப்படுகிறோம். நாசெரியின் வரலாற்றில் வில்லன் எவருமில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தன் விதிக்கமையவே நடந்தது. விதிகள் யாவும் ஒன்றுசேர்ந்தபோது ஒரு மனிதனுக்கு நிற்க நிலமில்லாது போயிற்று.

கொழும்பில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு வெறும் இரசனைப் பிரச்சினை அன்று. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம் அன்று சிறுபிள்ளைகள். நாட்டெல்லையைக் கடக்க முனைந்தவர்களல்லர் அவர்கள். தம் நாட்டின் தலைநகரில் இருந்தவர்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் அவர்களுக்கு இல்லை என்று கூறப்பட்டது. ஒருவர் யார் என்பதை அடையாள அட்டை கூறும். ‘தகுந்த காரணம்’ உண்டு என்பதற்கு அட்டை வழங்கும் அலுவலகம் எங்குள்ளது? தாளை இழந்தவர் மட்டுமல்லர், தாளைக் கையில் வைத்திருப்பவரும் திருப்பி அனுப்பப்படலாம் என்பதை அந்நாள் காட்டிற்று. மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில், உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தை இடைக்கால உத்தரவினால் தடுத்தது. அங்கு பயன்பட்டது தனியொருவரின் இரக்கமன்று. சட்டத்தின் முன் வைக்கப்பட்ட உரிமைக் கோரிக்கை. ஸ்பீல்பேர்க்கின் படம் காணத் தவறிய வழி இதுவே.

எனினும் அப்படத்தில் உண்மையின் கீற்று ஒன்று உண்டு. விமான நிலையத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யும் குப்தா என்ற முதியவர், மதராசில் இலஞ்சம் கேட்ட பொலிஸ்காரரைக் குத்திவிட்டுத் தப்பி வந்தவர். விக்டருக்காக ஓடுபாதையில் விமானத்தை மறித்து அவர் கைதாகிறார். நாடு கடத்தப்படப்போகும் அவரைப் படம் அத்துடன் மறந்துவிடுகிறது. விக்டர் வாடகைக் காரில் ஏறி வீடு திரும்பும்போது, குப்தா எங்கே என்று கேட்கும் பார்வையாளரே படத்தைச் சரியாகப் பார்த்தவராவார்.

1999இல் பிரான்ஸ் வதிவிட ஆவணம் வழங்க முன்வந்தபோது, அதில் தம் பெயரும் நாடும் தாம் கூறியவாறு இல்லையென நாசெரி கையொப்பமிட மறுத்தார். அவரது மனநிலை அதற்குள் நலிந்திருந்தது என்பர் சிலர். அவ்வாறாயின் பதினொரு ஆண்டுக் காத்திருப்பு அதில் வகித்த பங்கினையும் கூறியாகவேண்டும். 2022 நவம்பரில் அதே விமான நிலையத்திலேயே அவர் காலமானார். இம்முடிவுக்குப் படத்தில் இடமில்லை; இருந்திருப்பின், மகிழ்வோடு எழுந்து செல்லும் பார்வையாளர் சற்று நேரம் இருக்கையிலேயே அமர்ந்திருப்பார்.