தொட்டிக்கரியின் அனல்

சூலூரிலிருந்து திருச்சி ரோட்டில் கிழக்கே போனால் பல்லடத்தில் கோழிப்பண்ணைகள். அதைத் தாண்டினால் காங்கேயத்தில் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கும் களங்கள். கோழியும் கரியும் ஒரே ரோட்டில் வாய்த்த ஊரில், மொட்டை மாடிக்குக் கரி அடுப்பு வாங்குவதா, கேஸ் கிரில் வாங்குவதா என்ற கேள்வியே வரக் கூடாது. ஆனாலும் வருகிறது. கேஸ் குமிழைத் திருப்பினால் பற்றிக்கொள்கிறது. கரி பக்குவத்துக்கு வர அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

கரியின் கட்சிக்காரர்கள் புகை வாசத்தைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். நன்றாகச் சுட்ட தொட்டிக்கரியில் புகை ஏது? சுமார் மூன்று பங்கு தொட்டியைக் காற்றைக் கட்டுப்படுத்திச் சுட்டு ஒரு பங்கு கரியாக்கும்போதே புகையில் பெரும்பகுதி போய்விடுகிறது. நாம் மெச்சுகிற வாசம், கோழிக் கொழுப்பும் நல்லெண்ணெயும் கங்கில் சொட்டி, ஆவியாகி, திரும்பக் கறியில் ஏறுவது. கேஸ் கிரில்லிலும் சூடேறிய தகட்டில் கொழுப்பு சொட்டினால் அந்த வாசம் ஓரளவு வந்துவிடும்.

கரி ஜெயிப்பது அனலில். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோ நீராவி பிறக்கிறது. அந்தச் சூட்டில் ஈரம் கலந்தே இருக்கும். கங்கு பெரும்பாலும் கார்பன். அதன் அனல் வறண்டது, சித்திரை வெயில் மாதிரி நேராக இறங்குவது. சின்ன வெங்காயம், வரமிளகாய், மஞ்சள், கல்லுப்பு அரைத்துத் தடவிய தொடைக்கறியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். விழுது முதலில் நிறம் மங்கிக் காயும். ஓரத்தில் நுரை கட்டும். வெங்காயத்தின் இனிப்பு கருகத் தொடங்கும் விளிம்பில் தோல் மொறுமொறுவென்று இழுத்துக்கொள்ளும். அதற்குள் உள்ளே சதை வற்றிப் போயிருக்காது.

கரியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு ரசனை. இரண்டு துண்டுகளை மோதினால் கிணுங்கென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஈரமோ அரைவேக்காடோ. பற்றவைத்ததும் கறியை ஏற்றிவிடக் கூடாது. கங்கு முழுக்க நீறு பூக்கட்டும். பிறகு பாதியை ஒரு பக்கமாக ஒதுக்கினால், முறுக ஓர் இடமும் நிதானமாக வேக ஓர் இடமும் கிடைக்கும்.

கேஸைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. கத்தரிக்காய், மக்காச்சோளம், பனீர் சுடவும், வாரநாளில் அவசரத்துக்கும் அது போதும். ஒன்றில் மட்டும் எனக்கு மனக்குறை: நாட்டுக்கோழிக்கு மஞ்சள் பூசிக் காய்ந்த ஓலைத் தீயில் வாட்டியது போய், கறிக்கடைகளில் கேஸ் பர்னரைப் பிடிக்கிறார்கள். ஓலைத் தீ பரவி நக்கும். பர்னர் ஒரே இடத்தில் குத்தும். தோல் பொன்னிறமாகுமுன் அங்கங்கே வெடித்துவிடுகிறது.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். மூடிய அறைக்குள் கரியை மூட்டவே கூடாது. திறந்தவெளி இல்லாத அபார்ட்மெண்ட்வாசிகள் கரி ஆசையை விட்டுவிடுவதே நல்லது. மாடி இருப்பவர்கள் விலை உயர்ந்த கிரில்லைத் தேடி அலைய வேண்டாம். 1952இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன், தான் வேலை பார்த்த பட்டறையில் செய்த உலோக மிதவையை இரண்டாக வெட்டித்தான் புகழ்பெற்ற வெபர் அடுப்பை உண்டாக்கினார். கோவைப் பக்கம் பட்டறைக்கா பஞ்சம்? எண்ணெய் இருந்த பழைய டிரம் வேண்டாம், புதுத் தகட்டில் செய்யச் சொல்லுங்கள். அடியில் காற்றுத் துவாரம், அதற்குத் திறந்து மூடும் தகடு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கேஸுக்குக் குமிழ் எப்படியோ, கரிக்கு அந்தத் தகடுதான்.