வெயிலில் விரித்த புத்தகங்கள்

மழை வெறித்ததும் நனைந்த புத்தகங்களை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப்போடுவது மதுரைப் பக்கத்து வாசகசாலைகளிலும் வீடுகளிலும் ஊறிப்போன வழக்கம். கூரை ஒழுகியோ, ஜன்னல் வழியே சாரல் அடித்தோ, சுவரில் ஓதம் ஏறியோ, ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு இரையான கிரந்தங்களுக்கு அதுவே கைகண்ட வைத்தியம் என்ற நம்பிக்கையும் வேரூன்றியிருக்கிறது. அந்த வைத்தியத்தில் பாதி முற்றிலும் சரி. மறுபாதி பெருந்தீங்கு என்பது என் அபிப்பிராயம்.

சரியான பாதி, அதன் விரைவு. நனைந்த காகிதத்தில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பூசணம் முளைவிடத் தொடங்கிவிடுமாதலால், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் புத்தகத்தைத் தட்டிலிருந்து இறக்கிக் காற்றுப்பட வைப்பவரே அதை உண்மையில் காப்பாற்றுகிறவர். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நிலைத்தால் அபாயம். வைகைச் சமவெளியோ, கடற்கரை ஊர்களைப்போல் ஆண்டெல்லாம் புழுங்காமல், மழைக்காலம் நீங்கலாகப் பெரும்பாலும் வறண்டிருப்பது நமக்கு வாய்த்த அனுகூலம். மழைக்கு முன் சரஸ்வதி பூஜையை முன்னிட்டு ஏடுகளையும் புத்தகங்களையும் வெளியே எடுத்துத் துடைத்து அடுக்கும் ஆசாரத்திலும் இந்த அனுபவ ஞானம் கலந்திருக்கிறதென்றே கொள்கிறேன்.

பிழையான பாதி, வெயில். மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் லிக்னின் என்னும் பொருள் மிகுந்திருப்பதால், வெயில் அதைப் பழுப்பாக்கி, நாளடைவில் மடித்தால் முறியும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஈர அட்டை வில்லாக வளைகிறது. அட்டைமேல் ஒட்டிய சிவப்புக் காலிகோத் துணியின் சாயம் கசிந்து முதல் ஏட்டில் படிகிறது. படம் அச்சிட்ட வழவழப்பான ஆர்ட் தாள்கள் ஒரே கட்டியாக இறுகி, பிரித்தால் எழுத்தும் உடன் பெயர்ந்துவருகிறது. மேலே உலர்ந்துவிட்டதென்று எண்ணி உள்ளே வைத்த நூலின் முதுகில், மைதாப் பசை பூசிய இடத்தில், ஈரம் தங்கியிருக்கும். பைண்டர் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தாலன்றி, கரும்பச்சைப் புள்ளிகள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தோன்றும். அவற்றை ஈரத்துணியால் துடைத்தால் பூசணம் காகித இழைக்குள் ஏறும். தட்டி உதறினாலோ அதன் வித்துக்கள் உதறுகிறவர் நெஞ்சுக்கும் அடுத்த அலமாரிக்கும் போய்ச் சேரும். வெயில் அவ்வித்துக்கள் அனைத்தையும் கொல்வதுமில்லை. மீண்டும் ஈரம் வரும்வரை அவை கிடக்கும்.

சாரம் கெடாதிருக்க மூலிகையை நிழலில் உலர்த்தச் சொல்லும் சித்த வைத்தியரின் விதியே நூலுக்கும் பொருந்தும். மின்விசிறிக் காற்றில் ஏடுகள் விரியுமாறு நிறுத்தி, இடையிடையே அச்சிடாத வெள்ளைத்தாளை வைத்து அடிக்கடி மாற்றி, நன்றாக உலர்ந்தபின், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பூசணத்தை நீக்குவதே உசிதம். தஞ்சை சரஸ்வதி மகாலில் வசம்பும் கருஞ்சீரகமும் சேர்ந்த பொட்டலங்களை வைப்பது பூச்சியை விலக்குவதற்கே. ஈரத்துக்கு அது மாற்றாகாது. நம் ஆவணக் காப்பகங்களில் நெடுங்காலம் வழங்கிய தைமால் என்னும் ஓமச்சத்தின் ஆவியோ, பணியாளரின் கண்ணையும் தோலையும் உறுத்துவதோடு, கலைந்ததும் தன் பயனையும் இழந்துவிடுகிறது.

நூல்கள் பெருந்தொகையாய் நனைந்துவிட்டால், நிழல் முறைக்கும் எல்லை உண்டு. 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ நதி பிளாரன்ஸ் தேசிய நூலகத்துள் புகுந்தபோது, நூல்களைப் புகையிலை உலர்த்தும் சூளைகளுக்கும் அனுப்ப நேர்ந்தது. 1972இல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நூல்களை உறையவைத்துப் பூசணத்தைத் தடுத்து அவகாசம் தேடிக்கொண்டார்கள். மிளகாய் வற்றல் வைக்கும் கிடங்கின் குளிர்ச்சி இதற்குப் போதாது. மைனஸ் 18 டிகிரிக்கு மேற்படாமல் உறையவைக்கும், மீனும் ஐஸ்கிரீமும் காக்கும் கிடங்குகளோடு நூலகத்தார் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது அவசியம்.

கடையில் மறுபடி கிடைக்கும் பாடநூலையும், பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பழைய ‘செந்தமிழ்’ இதழையும் ஒரே வரிசையில் விரித்துப்போடுவது நியாயமன்று. முன்னதைக் கழித்துவிடலாம், பின்னதற்கே முதல் விசிறி உரியது. எதை முதலில் எடுப்பது என்னும் ஜாபிதாவை அடைமழை இரவில் யோசிக்க இயலாது. புரட்டாசியிலேயே எழுதி வாயிற்கதவருகே ஒட்டிவைக்க வேண்டும்.