பேசாதவர்களைச் சுற்றி ஐந்து நூல்கள்

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலில் ரேவதி உடல் வெந்து ஜிப்மர் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். வெளியே அப்பாவும் அம்மாவும் அண்ணனும் கணவனும் உறவினர்களும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவள் பொறியியல் படித்தவள். பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்து ஆட்டோக்காரன் ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டவள். அவளே தீ வைத்துக்கொண்டாளா, அவன் வைத்தானா? நாவல் தீர்ப்பு சொல்லாமல் விடுகிறது. தலைமையாசிரியர் நடேசனிடம் பணம் இருக்கிறது, அதைக் கொடுத்து மகள் உயிரை வாங்க முடியவில்லை. அழுகையும் ஏச்சும் திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டுகிறது என்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் இரவாவது விழித்திருந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே பேச்சு அப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். இரண்டாயிரத்துக்குப் பின் வந்த தமிழ் நாவல்களில் இவ்வளவு வலுவான உரையாடலை நான் வேறெங்கும் கண்டதில்லை. 2020க்கான சாகித்திய அகாதெமி விருது தகுதியான கைக்கே போனது.

அதை முடித்த கையோடு ஹான் காங்கின் ‘மரக்கறி’யை எடுத்தேன். கொரியாவில் ஒரு பெண் திடீரென்று இறைச்சி உண்பதை நிறுத்துகிறாள். பெற்ற அப்பனே அவள் வாயில் இறைச்சியைத் திணிக்கிறான். நாவல் மூன்று பகுதிகளாக இருக்கிறது. கணவன், அக்காள் கணவன், அக்காள் என்று ஒவ்வொருவர் கண்வழியாகவும் அவளைப் பார்க்கிறோம். அவள் சொந்தக் குரல் சில கனவுத் துண்டுகளில் மட்டும் கேட்கிறது. நடுப்பகுதி என்னைத் தொடவில்லை. அக்காளின் பகுதிக்காகவே இதை மறுபடி படிப்பேன். ரேவதியும் இவளும் எனக்கு ஒரே வார்டில் அடுத்தடுத்த படுக்கையில் கிடப்பவர்களாகத் தோன்றினார்கள்.

அதன் பிறகு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரே கேள்விதான்: இங்கே பேசாமல் கிடப்பவர் யார்?

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலில் அது காரு மாமா. கொங்குநாட்டுக் குடிநாவிதர். அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியில் தொடங்கி, சாவு வீட்டுக்கு வந்த உறவுகளின் நினைவுகளால் ஒரு மனிதர் எழுந்து வருகிறார். மனைவி விட்டுப்போனது, அவர் உடைந்துபோனது எல்லாம் மற்றவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. தலைப்பு கணியன் பூங்குன்றனாருடையது, புறநானூற்றின் 192ஆம் பாட்டு. அந்தப் பாட்டை மேடையில் முழங்கிப் பழகிய நமக்கு, ஊரார் வீட்டுத் தானியத்தை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதைக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டியதற்கே ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டும். சிறிய நூல், ஒரு பக்கம்கூட வீணில்லை.

சோ. தர்மனின் ‘சூல்’ பெரியது. உருளைக்குடிக் கண்மாய்தான் கதைத்தலைவி. நிறைந்த கண்மாயை நிறைசூலியாகப் பார்க்கும் கண் தர்மனுக்கு இருக்கிறது. மடை திறக்கும் குடும்பன், வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சி, கோடையில் வண்டிகளில் ஏறும் கரம்பை மண் என்று ஒரு நீர் நிர்வாகமே முதல் பாதியில் உயிரோடு நடமாடுகிறது. விடுதலைக்குப் பிந்தைய பகுதிகளில் கதை ஓட, ஆசிரியரின் கோபம் முன்னால் வந்து நிற்கிறது. கோபம் நியாயமானது, ஆனால் கலைக்கு அது உதவவில்லை. பழைய ஊர் ஒழுங்கின் சாதி முகத்தை அவர் இன்னும் கடுமையாகக் கேட்டிருக்கலாம் என்ற குறையும் எனக்கு உண்டு.

ஐந்தாவது நாவல் அல்ல. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற ஆய்வு நூல். வ.உ.சி. கைதான மறுநாள், மார்ச் 13 அன்று, நெல்லையில் கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தீக்கு இரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். கப்பலும் செக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்று தெருவில் இறங்கியவர்களை நமக்குத் தெரியாது. அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை, சுயசரிதை எழுதவில்லை. அவர்களை அடக்கியவர்கள் எழுதிவைத்த காகிதங்களுக்குள்ளிருந்துதான் அவர்களைத் தேடியெடுக்க வேண்டியிருக்கிறது. நாவலாசிரியர் கற்பனையால் கடக்கும் தூரத்தை வரலாற்றாசிரியர் ஆவணம் ஆவணமாக நடந்து கடக்கிறார். 2024இன் சாகித்திய அகாதெமி விருது இந்நூலுக்குக் கிடைத்தபோது, ஆய்வுக்கு மரியாதை வந்ததே என்று மகிழ்ந்தேன்.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் ‘நீர்வழிப் படூஉம்’ எடுங்கள். இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம்.