மதுரைக்காஞ்சியில் கடை பேர் இல்லை

"மதுரைல எங்க சாப்பிடலாம்?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால் இப்போதெல்லாம் நான் கடை பேர் சொல்வதில்லை. எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்கிறேன். கேட்டவருக்கு எரிச்சல் வரும், வரட்டும். ஜிகர்தண்டா மத்தியான வெயிலுக்கு. கறிதோசைக்கு நல்லா இருட்டணும். மல்லிகையைக்கூட காலையில் மொட்டாகப் பறித்தால்தான் ராத்திரி தலையில் விரியும். நேரம் தப்பினால் அதே பொருள், அதே கடை, ஆனால் ருசி வேற.

இணையத்தில் கிடைக்கிற "மதுரையில் தவறவிடக்கூடாத பத்து இடங்கள்" வகையறாவைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து வாசித்தும் பார்த்தும் வருகிறேன். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், வண்டியூர் தெப்பக்குளம், அப்புறம் நாலு சாப்பாட்டுக் கடை. தகவலில் பெரிய பிழை இருக்காது. ஆனால் இந்தப் பட்டியல்களில் மதுரைக்குக் காலையும் இல்லை, ராத்திரியும் இல்லை. தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று தண்ணீரில் தேர் மிதப்பதும் மற்ற நாளில் சாயங்காலம் குளத்தங்கரைச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்பதும் இரண்டு வேறு அனுபவங்கள். பட்டியலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு போட்டோ.

இதற்கு நேர் எதிரான ஒரு வழிகாட்டி நம்மிடம் ரொம்ப நாளாகவே இருக்கிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டிலேயே நீளமானது, 782 அடி. உ.வே.சா. 1889-ல் பதிப்பித்த பத்துப்பாட்டு வழியாக நம் கைக்கு வந்தது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துச் சொல்வதுதான் அந்தப் பாட்டின் வேலை. காஞ்சி என்றாலே அதுதான் பொருள். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் புலவருக்கு வந்த வேலை மறந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றும். ஆறு கிடந்தது மாதிரி அகலமான தெரு, அதில் பகல் கடைவீதி, அந்தி, ராத்திரிக் கடைவீதி, அப்புறம் ஒவ்வொரு யாமம், கடைசியில் விடியல் என்று ஒரு முழு நாளை ஓட்டிக் காட்டுகிறார். ஊரை இடம் இடமாகப் பிரிக்காமல் பொழுது பொழுதாகப் பிரித்த கட்டுமானம் இது. பாட்டின் பெரிய பலமே இதுதான் என்பது என் வாசிப்பு.

சாப்பாடு எப்படி வருகிறது பாருங்கள். பலா, மாம்பழம், விதவிதமான காய், கீரை, கற்கண்டுப் பாகு, கிழங்கு, கறி சேர்த்துச் சமைத்த சோறு. ஆக, மதுரையில் கறிச்சோறு நேற்று வந்த மோகம் இல்லை. எனக்கு இதைவிடப் பிடித்த இடம் இரண்டாம் யாமத்தில் வருகிறது. வியாபாரிகள் கடையை அடைக்கிறார்கள். தேன்கூடு மாதிரி மெல்லிய அடையும், பூரணம் வைத்த மோதகமும் விற்கிறவர்கள் வேலை ஓயாமல் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். பலகாரத்தைப் பார்த்த கண் அந்தத் தூக்கத்தையும் பார்த்திருக்கிறது. இன்றைய வீடியோக்களில் பரோட்டா மாவு விசிறுகிற கை மட்டும் மெதுவாக ஓட்டிக் காட்டப்படும். அந்தக் கைக்காரர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார் என்பது வராது.

அடுத்த யாமத்தில் கள்வர் வருகிறார்கள், அவர்களைப் பிடிக்கக் காவலர் வருகிறார்கள். மழை கொட்டி தெருவில் வெள்ளம் ஓடினாலும் காவலர் ஓய்வதில்லை. விடிந்தால் பெண்கள் முற்றம் கூட்டுகிறார்கள். சேவல் கூவுகிறது. இதெல்லாம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் 'பார்க்க வேண்டிய இடம்' ஆகாது. ஊர் என்பது இதுதானே?

மருதனாரை அப்படியே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் எனக்கு மனசில்லை. அவர் அரசனுக்காகப் பாடுகிறார். அங்காடி நிரம்பி வழிவதற்குப் பின்னால் எரிந்துபோன பகைவர் நாடு இருக்கிறது. பாட்டே அதை மறைக்கவில்லை. விடியற்காலையில் பகைவரிடம் பிடித்த யானையும் குதிரையும் ஆநிரையும் ஊருக்குள் வந்து சேர்கின்றன, அதுவும் ஊரின் அழகுகளில் ஒன்றாக. அந்த ஆடுமாட்டைப் பறிகொடுத்தவருக்கு அந்த விடியல் எப்படி இருந்தது என்று பாட்டு கேட்கவில்லை. நிலையாமை சொல்ல வந்த பாட்டு, உனக்கு அளந்த நாளை மகிழ்ந்து வாழ் என்று அரசனை வாழ்த்தி முடிவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அதில் பாதிதான் தெரிகிறது.

மறுபாதிக்கு நான் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வுக்குப் போவேன். சித்திரைத் திருவிழாவை அவர் மதுரைக்குள் நின்று பார்ப்பதில்லை. கள்ளர், இடையர், பள்ளர், வலையர் என்று அழகரோடு உறவு கொண்ட நாட்டுப்புறச் சாதிகளின் பக்கம் நின்று பார்க்கிறார். அப்படிப் பார்த்தால்தான் ஒரு விஷயம் உறைக்கும். மதுரையின் ஆகப்பெரிய திருவிழாவுக்கு நாயகன் வெளியூர்க்காரர். சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மலையடிவாரத்திலிருந்து கள்ளர் வேடத்தில் வருகிறார். தங்கை கல்யாணத்துக்கு நேரத்தோடு வந்து சேராததால் ஊருக்குள் வராமல் ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்பது மக்கள் சொல்லும் கதை. மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க வந்தார் என்பது கோயில் சொல்லும் கதை. எனக்கு முதல் கதைதான் பிடிக்கும். அதில்தான் நம்ம வீட்டு விசேஷ வாசனை அடிக்கிறது.

அந்த ரெண்டு மூணு நாளில் மதுரைக்காரர்கள் ஊரை 'அனுபவிப்பது' எப்படி? பெரும்பாலும் சோறு போட்டுத்தான். தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல், பானகம், நீர்மோர், அண்டா அண்டாவாகத் தக்காளி சாதம். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர், செம்பில் சர்க்கரை நிரப்பி விளக்கேற்றி நிற்கிற அம்மா, வேண்டுதலுக்கு மொட்டை போட்ட பிள்ளை எல்லாரும் தல்லாகுளத்துச் சாலையிலேயே படுத்து எழுந்திருக்கிறார்கள். வைகையில் தண்ணீர் வேண்டுமே என்று அணையைத் திறந்து விடுகிறார்கள். எந்தக் கடை பேமஸ் என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. கையில் வந்த தொன்னையை வாங்கிக் குடித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

மருதனாரின் பாட்டிலும் திருவிழா உண்டு. மாயோனுக்குரிய ஓண நாளில் சேரிப்போரில் வாங்கிய வடுவோடு மறவர்கள் கள் மகிழ்ச்சியில் திரிகிறார்கள். ஓணத்தை நாம் மறந்துவிட்டோம். இப்போது அது கேரளத்துப் பண்டிகை. திருவிழாவும் சாப்பாடும் ஊரோடு ஒட்டிப் பிறந்தவை போலத் தோன்றினாலும், அவற்றை விடாமல் செய்கிற ஆட்கள் இல்லாவிட்டால் போய்விடும்.

அதனால்தான் 'தூங்கா நகரம்' என்ற பட்டத்தை ஒவ்வொரு வீடியோவும் பூரிப்போடு சொல்லும்போது எனக்கு நெருடுகிறது. மதுரை தூங்காமல் இருந்ததற்கு மில் ஷிப்டு ஒரு காரணம். விடியுமுன் சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறவர்களும் பூ கட்டுகிறவர்களும் இன்னொரு காரணம். நடுராத்திரி இட்லிச் சட்டி அவர்களுக்காகக் கொதித்தது; ரசிகர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். மில் சங்கு ஓய்ந்தது, காய்கறிச் சந்தை கோயில் பக்கத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போனது. இட்லிச் சட்டியும் இடம் மாற வேண்டியதாயிற்று.

2019-ல் தமிழக அரசு கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க அனுமதித்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த அனுமதி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. தள்ளுவண்டியில் பத்துப் பேர் எங்கே இருப்பார்கள்? ஒரு வீட்டுக்காரர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் விட்டு வந்து தட்டு கழுவும் பையன். மருதனாரின் அடை வியாபாரி இன்றைக்கு இருந்தால், அவரை உட்கார்ந்தபடி தூங்கவும் விடமாட்டார்கள். ரோந்து வண்டி வந்து அடுப்பை அணைக்கச் சொல்லும்.